‘எல்லாம் சரியாகிவிடும்’ என்று சொல்ல வாய் வரவில்லை

கேள்வி:

எனக்கு வயது 43. கணவரின் தொழில் நொடித்துப்போய் ஓராண்டு ஆகிறது. கடன் இருக்கிறது. மூன்று மாதங்களுக்கு முன்பு என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் இன்னும் சரியாக வரவில்லை. எங்களோடுதான் இருக்கிறார். வேலைக்கும் போய்க்கொண்டு அவரையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். எந்தக் காரியத்திலும் என்ன தவறாகப் போகலாம் என்று முன்கூட்டியே யோசிப்பது என் சுபாவம். இருந்தாலும், குடும்பத்தில் யாருக்கு என்ன வந்தாலும் தைரியம் சொல்பவளாகவே இருந்தேன். இப்போது அந்த வார்த்தைகள் வாயில் வரவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் அதோடு தூக்கம் போய்விடுகிறது. வங்கியிலிருந்து வரும் கடிதங்களைப் பிரிக்கப் பயந்து மேசை இழுப்பறையில் அப்படியே போட்டுவைக்கிறேன். “நீ எப்போதும் கெட்டதையே நினைக்கிறாய், அதனால்தான் கெட்டதே நடக்கிறது” என்கிறார் நாத்தனார். தம்பி, “ஏதாவது வேண்டுமென்றால் சொல் அக்கா” என்று சொல்லிவிட்டுப் போகிறான். போன வாரம் என் 15 வயது மகள், “எல்லாம் சரியாகிவிடுமா அம்மா?” என்று கேட்டாள். பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டேன். இந்த நிலையில் நம்பிக்கையோடு இருப்பது எப்படி?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் நாத்தனார் சொன்னதை எடுத்துக்கொள்கிறேன். மற்ற எல்லாவற்றையும்விட அந்தப் பேச்சுதான் உங்களை உள்ளே அரித்துக்கொண்டிருக்கிறது என்று தோன்றுகிறது. நீங்கள் கெட்டதை நினைத்ததால் கெட்டது நடக்கவில்லை. மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபடுவதாலோ வெடித்துக் கசிவதாலோ பக்கவாதம் வருகிறது. உயர் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய், புகைப்பழக்கம், சீரற்ற இதயத் துடிப்பு, முதுமை என்று மருத்துவம் சொல்லும் காரணங்களில் மகளின் கவலை என்று ஒன்று கிடையாது. தொழில் நொடிப்பதற்கும் ஆயிரம் காரணங்கள் உண்டு. மனைவி மனதுக்குள் பயந்தாள் என்பது அவற்றில் ஒன்றல்ல.

அவர் அன்பால்தான் சொல்லியிருப்பார். ஆனாலும் இந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. ஏற்கெனவே திணறிக்கொண்டிருப்பவரிடம் போய், உன் திணறலுக்கு நீயே காரணம் என்று அது சொல்கிறது. ஆலோசனைக்கு வருகிறவர்களில் எத்தனையோ பேர், வந்த கஷ்டத்துக்காக அழுவதைவிட, கஷ்டத்தில் முகம் மலர்ந்து இருக்க முடியவில்லையே என்பதற்காகத்தான் அதிகம் அழுகிறார்கள். நீங்கள் அந்தக் குற்ற உணர்வை இன்றோடு விட்டுவிடலாம்.

முன்கூட்டியே தவறுகளை யோசிக்கும் உங்கள் சுபாவத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜூலி நோரம், நான்சி கேன்டர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் இப்படிப்பட்டவர்களைப் பற்றி 1986-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மோசமானதை எதிர்பார்த்து, அதற்கேற்ப ஆயத்தம் செய்துகொள்வது சிலருக்குப் பதற்றத்தைச் சமாளிக்கும் வழி என்று அவர்கள் கண்டார்கள். அப்படிப்பட்டவர்களிடம், “கவலைப்படாதீர்கள், நீங்கள் நன்றாகத்தான் செய்வீர்கள்” என்று ஆறுதல் சொன்னபோது அவர்கள் செய்த வேலையின் தரம் குறைந்தது. ஆறுதல் அவர்களுடைய ஆயத்தத்தைக் கலைத்துவிட்டது. ஆகவே உங்கள் சுபாவத்தை மாற்றிக்கொள்ளச் சொல்ல மாட்டேன். அது கெட்டுப்போகவில்லை, பாதியில் நிற்கிறது. முன்பெல்லாம் ‘இது தவறாகப் போகலாம்’ என்று நினைத்த கையோடு ‘அப்படிப் போனால் இதைச் செய்வேன்’ என்றும் நினைத்திருப்பீர்கள். இப்போது முதல் பாதி மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.

நல்லதையே கற்பனை செய்யச் சொல்வதிலும் ஒரு சிக்கல் உண்டு. கேப்ரியேல் ஓட்டிங்கன் என்ற உளவியலாளர், எடை குறைக்கும் சிகிச்சையில் இருந்த பெண்களை வைத்துச் செய்த ஆய்வு 1991-இல் வந்தது. தன்னால் எடையைக் குறைக்க முடியும் என்று எதிர்பார்த்த பெண்கள் கூடுதலாகக் குறைத்தார்கள். மெலிந்த உடலோடு உலவுவதைக் கற்பனையில் இனிக்க இனிக்கப் பார்த்தவர்கள் குறைவாகத்தான் குறைத்தார்கள். எதிர்பார்ப்பு கைகால்களை அசைக்கிறது. இன்பக் கனவோ, காரியம் முடிந்துவிட்டதைப் போன்ற திருப்தியைத் தந்து ஓய்வெடுக்க வைத்துவிடுகிறது. நம்பிக்கை என்ற பெயரில் பலர் உங்களிடம் கேட்பது இரண்டாவதை. உங்களால் அது முடியவில்லை என்பதில் இழப்பு ஒன்றும் இல்லை.

அப்படியானால் முதல் வகை எங்கிருந்து வருகிறது? நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது இதைத்தான்.

1967-இல் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மையர் என்ற இரண்டு இளம் ஆய்வாளர்கள் நாய்களை வைத்து ஒரு சோதனையை வெளியிட்டார்கள். இன்று படித்தால் மனம் பதைக்கும் சோதனை. சில நாய்களுக்கு மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். தலையால் ஒரு பலகையை அழுத்தினால் அதிர்ச்சி நின்றுவிடும். வேறு சில நாய்களுக்கும் அதே அளவு அதிர்ச்சிதான், ஆனால் அவை என்ன செய்தாலும் அது நிற்காது. பிறகு எல்லா நாய்களையும் குட்டையான தடுப்பு ஒன்று இருந்த பெட்டியில் விட்டார்கள். தடுப்பைத் தாண்டினால் அதிர்ச்சியிலிருந்து தப்பிக்கலாம். முதல் வகை நாய்கள் தாண்டின. இரண்டாம் வகையில் பெரும்பாலானவை படுத்துவிட்டன. வழி கண்ணெதிரே இருந்தும் முயலவே இல்லை. ‘கற்றுக்கொண்ட கையறுநிலை’ என்று இதற்குப் பெயர் வைத்தார்கள். எது செய்தும் பயனில்லை என்று அந்த நாய்கள் கற்றுக்கொண்டுவிட்டன என்பது அவர்களின் விளக்கம். பல பத்தாண்டுகள் பாடப்புத்தகங்கள் அதையே சொல்லின.

அதே இருவரும் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2016-இல், மூளை குறித்த புதிய ஆய்வுகளைப் பார்த்துவிட்டுத் தங்கள் விளக்கத்தைத் தலைகீழாகத் திருப்பினார்கள். நீண்ட துன்பத்துக்கு மூளை இயல்பாகவே தரும் பதில் ஓய்ந்துபோவதுதான். அதை யாரும் கற்றுக்கொள்வதில்லை. கற்றுக்கொள்ளப்படுவது மற்றது, அதாவது ‘நான் செய்தால் ஏதோ ஒன்று மாறுகிறது’ என்பது. அந்த அறிவு மூளையின் முன்பகுதியில் பதிந்தால், ஓய்ந்துபோகச் செய்யும் அடிப்பகுதியை அது அடக்குகிறது.

உங்கள் விஷயத்தில் இதற்கு என்ன பொருள் என்று பாருங்கள். நீங்கள் ஓய்ந்துபோனது குணக்கேடும் அல்ல, கோழைத்தனமும் அல்ல. ஓராண்டு இப்படி அடிமேல் அடி விழுந்தால் மனித மூளை அப்படித்தான் செய்யும். அதிலிருந்து எழும் வழி வார்த்தையில் இல்லை. அந்த நாய்களின் கதையிலேயே இன்னொரு பகுதி உண்டு. படுத்துவிட்ட நாய்களை எப்படி எழுப்புவது என்று 1968-இல் முயன்றார்கள். கழுத்தில் கயிறு கட்டி, தடுப்புக்கு அந்தப் பக்கம் இழுத்துப்போனார்கள். ஒருமுறை இருமுறை அல்ல, திரும்பத் திரும்ப. தாண்டினால் அதிர்ச்சி நிற்கிறது என்பதை உடல் பலமுறை உணர்ந்த பிறகுதான் அவை தாமாகத் தாண்டின. நம்பிக்கை வந்ததும் செயலில் இறங்கலாம் என்று நாம் காத்திருக்கிறோம். பெரும்பாலும் நடப்பது நேர்மாறானது. மனமில்லாமல் செய்த சின்னச் செயல் ஒன்று பலன் தந்தால், அதன் பின்னால் நம்பிக்கை மெல்ல வருகிறது.

இப்போது அந்த இழுப்பறைக்கு வருவோம். அதில் கிடக்கும் பிரிக்காத கடிதங்கள்தான் உங்கள் வாழ்க்கையில் கைக்கு மிக அருகில் இருக்கும் தடுப்பு. பிரிக்காதவரை ஒவ்வோர் உறைக்குள்ளும் இருப்பது வீட்டையே விழுங்கும் செய்தி என்று மனம் நினைத்துக்கொள்கிறது. பிரித்த பிறகு அது ஒரு தொகை, ஒரு தேதி, ஒரு தொலைபேசி எண். தொகை பெரிதாகவே இருக்கலாம். அதை மறைக்க நான் முயலவில்லை. ஆனால் எண்ணாக மாறிவிட்ட கடனைப் பற்றிப் பேரம் பேசலாம், உறைக்குள் கிடக்கும் கடனிடம் பேச வழியில்லை.

ஒரு விடுமுறை நாளின் காலையில், நன்றாக வெளிச்சம் இருக்கும்போது, கணவரோடு உட்காருங்கள். இரவில் வேண்டாம். அன்றைக்கு ஒரே ஒரு கடிதம், அதுவும் தேதியில் மிகப் புதியது. பழையவற்றில் சொன்னதையும் பெரும்பாலும் அதுவே உள்ளடக்கியிருக்கும். ஒரு தாளில் மூன்று விஷயங்களை எழுதுங்கள்: எவ்வளவு, எந்தத் தேதிக்குள், யாரிடம் பேச வேண்டும். எழுதியதும் தாளை மடித்துவைத்துவிட்டு எழுந்துவிடுங்கள். வங்கியோடு பேசுவது மறுநாள் வேலை. தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டிக்க முடியுமா என்று கேளுங்கள். கடன் கொடுத்தவர்கள் பலரும் இதற்கு ஒரு நடைமுறை வைத்திருக்கிறார்கள். கடன் வாங்கியவர் தாமாக முன்வந்து பேசும்போது அந்தக் கதவு திறக்க வாய்ப்பு அதிகம். மறுக்கவும் செய்யலாம். மறுத்தாலும், நீங்கள் கேட்டீர்கள், ஒரு பதில் வந்தது. ‘என்ன செய்தும் பயனில்லை’ என்று கிடந்த மூளைக்கு அதுவே புதிய செய்தி.

வாரத்துக்கு ஒரு காரியம் இப்படி நடந்தால் போதும். பட்டியல் போட்டுப் பத்தைச் செய்ய முயலாதீர்கள். தோற்றுப்போகும் பட்டியல் மறுபடி பழைய பாடத்தையே சொல்லிக்கொடுக்கும்.

மூன்று மணி விழிப்பைப் பற்றி. அந்த நேரத்தில் வரும் எண்ணங்களைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தூக்கம் குறைந்த மூளை ஆபத்தைப் பெரிதாகக் காட்டும். பகலில் தெரியும் வழிகளும் அப்போது தெரியாது. தாமஸ் போர்கோவெக் என்ற உளவியலாளரும் அவரது குழுவினரும் 1983-இல் ஒரு முறையைச் சோதித்தார்கள். இன்றுவரை நான் பலருக்குச் சொல்லி வருவது அது. தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், அரை மணி நேரம் கவலைப்படுவதற்கென்றே உட்கார வேண்டும். மற்ற நேரத்தில் கவலை தலைகாட்டினால், ‘உனக்கு மாலை ஆறு மணி’ என்று தள்ளிவைக்க வேண்டும். விசித்திரமாகத் தோன்றலாம். கவலைப்படாதே என்றால் மனம் கேட்காது, பிறகு கவலைப்படு என்றால் பல சமயம் கேட்கிறது. அந்த அரை மணி நேரத்தில் கையில் நோட்டு இருக்கட்டும். பயத்தை ஒரு வாக்கியமாக எழுதுங்கள், அதற்கு எதிரே ‘அப்படி நடந்தால் என் முதல் வேலை என்ன’ என்று எழுதுங்கள். உங்கள் சுபாவத்தின் விடுபட்ட பாதி அங்கே திரும்பி வரும். படுக்கையறையில் இதைச் செய்யாதீர்கள். படுக்கப் போகும் நேரத்துக்குப் பல மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள்.

அந்த நோட்டை ஒரு மாதம் கழித்துப் புரட்டிப் பாருங்கள். நீடித்த பதற்ற நோய் உள்ளவர்களை இதேபோலக் கவலைகளை எழுதவைத்து, அவற்றில் எவை நடந்தன என்று பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2020-இல் அமெரிக்காவில் வெளியானது. ஏறக்குறைய 91 விழுக்காட்டுக் கவலைகள் நடக்கவில்லை. சிறிய ஆய்வுதான். உங்கள் கவலைகளில் சில நடந்தே முடிந்தவை என்பதையும் மறக்கவில்லை. உங்கள் நோட்டில் என்ன கணக்கு வருகிறது என்று நீங்களே பாருங்கள். அடுத்தவர் சொல்லும் ஆறுதலைவிட உங்கள் கையெழுத்தை நீங்கள் நம்புவீர்கள்.

அப்பாவைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய இரண்டு விஷயங்கள். பக்கவாதத்துக்குப் பின் முதல் சில மாதங்களில் முன்னேற்றம் வேகமாகத் தெரியும். பிறகு வேகம் குறையும், ஆனால் நின்றுவிடுவதில்லை. பயிற்சி தொடர்ந்தால் அதற்குப் பிறகும் முன்னேறுகிறவர்கள் உண்டு. எனவே ‘மூன்று மாதம் ஆகியும் சரியாகவில்லை’ என்பதை ‘இனிச் சரியாகாது’ என்று படிக்காதீர்கள். எவ்வளவு மீளும் என்பதை அவரைப் பரிசோதிக்கும் மருத்துவரிடமும் இயன்முறை மருத்துவரிடமும் வெளிப்படையாகக் கேளுங்கள். சென்ற மாதம் முடியாமல் இருந்து இந்த மாதம் முடிந்தது எது என்பதையும் குறித்துவையுங்கள். தினமும் பார்க்கிறவர் கண்ணுக்கு அது தப்பிவிடும். இரண்டாவது, பக்கவாதம் வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டிருந்தாலோ, பயிற்சிக்கு மறுத்தாலோ, அடிக்கடி கண் கலங்கினாலோ, அதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ளாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதற்குச் சிகிச்சை உண்டு.

உங்கள் மகளுக்கு வருகிறேன். எழுந்து போனதற்காக உங்களை நொந்துகொள்ள வேண்டாம். பொய் சொல்ல மனம் வராமல்தான் எழுந்தீர்கள். ஆனால் அந்தக் கேள்வி பதில் இல்லாமல் கிடக்கக் கூடாது. 15 வயதுப் பெண் வீட்டில் நடப்பதை எல்லாம் கவனிக்கிறாள். பெரியவர்கள் சொல்லாமல் விட்ட இடத்தை அவள் தன் கற்பனையால் நிரப்பிக்கொள்வாள். அந்தக் கற்பனை பெரும்பாலும் உண்மையைவிட மோசமாக இருக்கும். தானும் ஒரு செலவுதானே என்றுகூட அவள் நினைத்துக்கொண்டிருக்கலாம்.

இன்றோ நாளையோ நீங்களாகவே பேச்சைத் தொடங்குங்கள். “அன்றைக்கு நீ கேட்டாயே, எனக்குப் பதில் தெரியாததால் எழுந்து போய்விட்டேன். எல்லாம் பழையபடி ஆகுமா என்று இப்போதும் தெரியாது. தாத்தா மெதுவாகத் தேறி வருகிறார், கை முழுதாக வருமா என்று டாக்டரிடம் கேட்கப் போகிறேன். கடன் இருக்கிறது, அதை அடைக்க நானும் அப்பாவும் சேர்ந்து வேலை செய்துகொண்டிருக்கிறோம். உன் படிப்பைப் பற்றி முடிவெடுப்பதென்றால் உன்னை வைத்துக்கொண்டுதான் எடுப்போம். இதில் எதற்கும் நீ காரணம் இல்லை.” உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள், ஆனால் இந்தக் கடைசி வாக்கியம் விடுபடக் கூடாது. தெரியாததைத் தெரியாது என்றும், செய்துகொண்டிருப்பதைச் செய்கிறோம் என்றும் அம்மா சொல்லிக் கேட்பது அவளுக்கு வெறும் ஆறுதலைவிடப் பலமான தரை. அவள் அழுதால் அழட்டும், நீங்களும் அழலாம். அதன்பின் அவளிடம் வீட்டில் ஒரு பொறுப்பைக் கொடுங்கள், தாத்தாவின் மாலைப் பயிற்சிக்குத் துணை இருப்பது போல. கவலையை மட்டும் பங்குபோட்டுவிட்டு வேலையில் பங்கு கொடுக்காமல் விட்டால் பிள்ளைகள் தவித்துப்போவார்கள்.

கணவரைப் பற்றி நீங்கள் அதிகம் எழுதவில்லை. தொழில் போனவர்கள் வீட்டில் பேச்சைக் குறைத்துக்கொள்வது சாதாரணமாக நடப்பது. கடிதங்களோடு உட்காரும் அந்தக் காலை அவருக்கும் ஒரு தொடக்கமாக இருக்கலாம். அன்று பழைய கணக்குகளை, யார் செய்த தவறு என்பதை, எடுக்காமல் இருந்தால் போதும்.

இனி உங்கள் உடல்நலம். தூக்கம் கெடுவது, எதிலும் பிடிப்பில்லாமல் போவது, பசி குறைவது, தன்மேலேயே வெறுப்பு வருவது ஆகியவை ஏறக்குறைய எல்லா நாளும், நாளின் பெரும்பகுதி, இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதை நம்பிக்கைக் குறைவு என்று அழைப்பது தவறு. அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஆலோசனையும், தேவைப்பட்டால் மருந்தும் அதில் பலருக்கு நல்ல பலன் தருகின்றன. உங்கள் கடிதத்தை வைத்து அது உண்டா இல்லையா என்று என்னால் சொல்ல முடியாது, நேரில் பார்ப்பவர்தான் சொல்ல வேண்டும். மூன்று மணி விழிப்பு தொடர்வதால் இந்த மாதத்துக்குள் ஒருமுறை போய் வாருங்கள் என்று வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். இருப்பதைவிட இல்லாமல் போவதே மேல் என்ற எண்ணம் எப்போதாவது வந்தால், அந்த மாதக் கணக்கெல்லாம் வேண்டாம். அன்றே, அந்த மணி நேரத்திலேயே, அருகில் இருப்பவரிடம் சொல்லுங்கள், அவசர மருத்துவ உதவியை நாடுங்கள்.

கடைசியாக உங்கள் தம்பி. ‘ஏதாவது வேண்டுமென்றால் சொல்’ என்று அவர் மனதாரத்தான் சொல்லியிருப்பார். ஆனால் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை, எதைக் கேட்பதென்று உங்களுக்குக் கூச்சம். இத்தனை நாள் தைரியம் சொன்னவராக இருந்த உங்களுக்கு உதவி கேட்கும் பழக்கம் இல்லை. அவருக்கும் அவர் அப்பாதானே. ‘கொஞ்சம் உதவி செய்’ என்று பொதுவாகக் கேட்காதீர்கள். “ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலை எட்டு மணியிலிருந்து பன்னிரண்டு வரை நீ வந்து அப்பாவோடு இரு” என்று நாளும் நேரமும் சொல்லிக் கேளுங்கள். அந்த நான்கு மணி நேரத்தில் நீங்கள் தூங்கலாம், வெளியே போகலாம், சும்மா உட்காரலாம், வீட்டு வேலை மட்டும் செய்யாதீர்கள். நான் சொன்னவற்றில் முதலில் செய்ய வேண்டியது இதுதான். ஏனென்றால் மற்ற எல்லாவற்றுக்கும் உங்கள் உடம்பில் தெம்பு வேண்டும். இன்றே அவருக்குத் தொலைபேசியில் பேசுங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமையே வரச் சொல்லுங்கள்.